கிழவியின் இடத்தில் குமரி

2011 மார்ச் மாதம் ஹாலிவுட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாத்திரமான மிஸ் மார்ப்பிளை டிஸ்னி நிறுவனம் புதிதாகப் படமாக்கத் திட்டமிடுகிறது, மார்ப்பிளாக வரப்போகிறவர் ஜெனிஃபர் கார்னர் என்றது அந்தச் செய்தி. கார்னருக்கு அப்போது வயது 38. மிஸ் மார்ப்பிளைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. படிக்காத மாணவிகளுக்காகச் சொல்கிறேன்: செயின்ட் மேரி மீட் என்ற கற்பனையான ஆங்கிலக் கிராமத்தில் தனியாக வாழும், திருமணம் செய்துகொள்ளாத ஒரு கிழவி அவர். கம்பளி பின்னுவார். தோட்டத்தில் களை பிடுங்குவார். தேநீர் நேரத்தில் அக்கம்பக்கத்துப் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்வார். போலீஸ் கோட்டைவிட்ட கொலையை அந்தப் பேச்சிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். 12 நாவல்களிலும் 20 சிறுகதைகளிலும் அவருக்கு இதுதான் வேலை.

அந்தக் கிழவியை 38 வயது நட்சத்திரமாக மாற்றப்போகிறார்கள் என்றதும் வாசகர்கள் கொதித்தார்கள். சிலர் கேலி செய்தார்கள். வயதை எடுத்துவிட்டால் மார்ப்பிளில் மிச்சம் என்ன இருக்கும் என்பதே அந்தக் கோபத்தின் சாரம். படம் கடைசிவரை எடுக்கப்படவில்லை. எடுக்கப்படாத ஒரு படத்துக்கு ரசிகர்கள் இவ்வளவு கோபப்பட்டார்கள் என்பது ஒரு வரலாற்று மாணவியாக என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. ஒரு பாத்திரத்தைத் திரைக்குக் கொண்டுபோகும்போது ரசிகர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தால், அந்தச் சமூகம் எந்த மாதிரிப் பெண்ணைப் பார்க்க விரும்புகிறது, எந்த மாதிரிப் பெண்ணைப் பார்க்கக் கூசுகிறது என்பது தெரியவரும். மார்ப்பிளின் விஷயத்தில் அந்தச் சண்டைக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. மார்ப்பிள் பிறந்ததே அப்படி ஒரு சண்டையிலிருந்துதான்.

1926இல் கிறிஸ்டி 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' என்ற நாவலை வெளியிட்டார். துப்பறிபவர் ஹெர்க்யூல் பாய்ரோ. ஆனால் அந்த நாவலில் இன்னொரு துப்பறிபவரும் இருக்கிறார். கதை சொல்லும் மருத்துவரின் அக்கா, கரோலின் ஷெப்பர்ட். மணமாகாதவர், நடுவயதைக் கடந்தவர், வாய் ஓயாதவர். வீட்டைவிட்டு வெளியே போகாமலே ஊரில் நடக்கும் அத்தனையையும் தெரிந்துவைத்திருப்பவர். பால்காரர், வேலைக்காரப் பெண், மளிகைக்கடைப் பையன் என்று அவருக்குத் தகவல் கொண்டுவரும் ஒரு படையே உண்டு. கிறிஸ்டிக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த பாத்திரம் கரோலின்தான்.

இந்த நாவலை 'அலிபி' என்ற பெயரில் மைக்கேல் மார்ட்டன் நாடகமாக்கினார். 1928 மே மாதம் லண்டனில் மேடையேறியது. சார்ல்ஸ் லாட்டன் பாய்ரோவாக நடித்தார். நாடகம் தயாரானபோது நடந்த பேரத்தைக் கிறிஸ்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பாய்ரோவின் வயதில் இருபது ஆண்டுகளைக் குறைத்து, பெண்களெல்லாம் அவர்மேல் காதல்கொள்வதாகக் காட்டலாம் என்பது முதல் யோசனை. கிறிஸ்டி மறுத்தார். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பாய்ரோ அப்படியே இருப்பார். கரோலின் நீக்கப்படுவார். அவரது இடத்தில் அழகான ஓர் இளம்பெண் வருவாள்.

இந்தப் பேரத்தை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகளிடம், இதில் யார் எதைக் கொடுத்தார்கள், யார் எதைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று கேட்பேன். ஆணின் வயதைக் காப்பாற்றுவதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது ஒரு வயதான பெண். மேடையில் எப்படியும் ஓர் இளமை வேண்டும். பாய்ரோவிடமிருந்து அதை எடுக்க முடியாது என்று ஆனபோது, கரோலினை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இளமையை உட்கார வைத்தார்கள். கரோலின் காணாமல் போனது கிறிஸ்டியை வருத்தியது. மார்ப்பிள் தன் மனத்தில் உருவானது அந்தத் தருணத்தில்தான் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். தேதிகளை வைத்துப் பார்த்தால் இந்த நினைவு நேர்க்கோட்டில் அமையவில்லை. மார்ப்பிள் வரும் முதல் சிறுகதை 1927 டிசம்பரிலேயே அச்சாகிவிட்டது. நாடகம் மேடையேறியது அதற்கு ஐந்து மாதம் கழித்து. ஆனால் நினைவு என்பது தேதிவாரியாக அடுக்கப்படுவதில்லை. தன் கிழவி எங்கிருந்து வந்தாள் என்று யோசித்தபோது, மேடையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு கிழவியே அந்த எழுத்தாளருக்கு நினைவுக்கு வந்தாள். எனக்கு அது போதுமான சான்று.

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் மணமாகாத பெண் என்பது வெறும் கதைப் பாத்திரம் இல்லை, ஓர் அரசியல் பிரச்சினை. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 லட்சம் அதிகம். முதல் உலகப் போருக்கு முன்பும் இந்த வேறுபாடு இருந்தது. போர் அதை இன்னும் கூட்டியது. பத்திரிகைகள் இந்தப் பெண்களுக்கு 'உபரிப் பெண்கள்' என்று பெயர் வைத்தன. தானியம் உபரியாகலாம், சரக்கு உபரியாகலாம். மனுஷி எப்படி உபரியாக முடியும்? கணவன் என்ற இடத்துக்கு ஆள் இல்லை என்றால் அந்தப் பெண்ணே தேவைக்கு மேற்பட்டவள் என்பது அந்தச் சொல்லின் பொருள். 1918இல் வாக்குரிமை கிடைத்தபோதும் 30 வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கே கிடைத்தது. ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்களிக்கும் உரிமை 1928இல் வந்தபோது, விளையாட்டுப் பெண்கள் நாட்டை ஆளப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. இளம்பெண் என்றால் அறிவில்லாதவள், முதியவள் என்றால் தேவையில்லாதவள். இரண்டு பக்கமும் அடி.

இந்தச் சூழலில்தான் ஆங்கிலத் துப்பறியும் கதைக்குள் மணமாகாத கிழவிகள் நுழைகிறார்கள். டாரதி சேயர்ஸ் 1927இல் மிஸ் கிளிம்சன் என்ற பாத்திரத்தைப் படைத்தார். சேயர்ஸின் துப்பறியும் பிரபுவான லார்ட் பீட்டர் விம்ஸி, மணமாகாத நடுவயதுப் பெண்ணான அவரைத் தன் விசாரணைக்குச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார். போலீஸ்காரர் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், ஒரு கிழவி கேட்டால் ஊரே பேசும் என்பது அவர் கணக்கு. அதே ஆண்டுக் கடைசியில் மார்ப்பிள் வருகிறார். 1930இல் 'தி மர்டர் அட் த விகாரேஜ்' அவரது முதல் நாவல். சமூகம் உபரி என்று ஒதுக்கியவளுக்கு இந்த எழுத்தாளர்கள் ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். யாரும் கவனிக்காத இடத்தில் உட்கார்ந்திருப்பவள் எல்லாவற்றையும் கவனிக்க முடியும். வம்பு, புறணி என்று ஆண்கள் ஒதுக்கும் பேச்சு, கேட்கத் தெரிந்தவளுக்குச் சாட்சியமாகிறது. வீட்டு வேலைக்காரி ஏன் திடீரென்று வேலையை விட்டாள், இறைச்சிக்கடைக்காரர் யாருக்குக் கடன் நிறுத்தினார் என்ற தகவல்களிலிருந்து மனிதர்களைப் படிக்கும் முறை மார்ப்பிளுடையது. ஷெர்லக் ஹோம்ஸுக்குச் சுருட்டுச் சாம்பல் எப்படியோ, இவருக்கு ஊர்ப்பேச்சு அப்படி.

இனித் திரைக்கு வருவோம். மார்ப்பிளைப் பெரிய திரையில் முதலில் காட்டியது எம்ஜிஎம் நிறுவனம். 1961இல் 'மர்டர், ஷி செட்' வெளியானது. இயக்குநர் ஜார்ஜ் பொல்லாக். மார்ப்பிளாக மார்கரெட் ரதர்ஃபோர்ட். 1963லும் 1964லும் இன்னும் மூன்று படங்கள் வந்தன. மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். ரதர்ஃபோர்டுக்கு அப்போது எழுபதை ஒட்டிய வயது. பருத்த உடல், தொங்கும் தாடை, எப்போதும் அசையும் உதடுகள். புத்தகத்தின் மார்ப்பிள் மெலிந்த, உயரமான, மென்மையாகப் பேசும் பெண்மணி. இருவருக்கும் வயதைத் தவிர ஒற்றுமை இல்லை. ரதர்ஃபோர்ட் நல்ல நடிகை, ஆனால் மார்ப்பிள் இல்லை என்பதே கிறிஸ்டியின் கருத்து. 1962இல் 'தி மிரர் கிராக்ட்' நாவலை ரதர்ஃபோர்டுக்கு வியப்புடன் காணிக்கையாக்கவும் செய்தார். நடிகையை மதித்தார், படங்களை வெறுத்தார். நான்காவது படமான 'மர்டர் அஹாய்' அவரது கதையே இல்லை, நிறுவனம் தானாக எழுதிக்கொண்டது. அது அவரை மிகவும் கோபப்படுத்தியது.

வாசகர்களும் அப்போதிருந்தே இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். புத்தகம் படித்தவர்கள் இது எங்கள் மார்ப்பிள் இல்லை என்றார்கள். படிக்காமல் தியேட்டருக்குப் போனவர்கள் கைதட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களுக்காக இல்லை.

கைதட்டியவர்களின் நியாயம் என்ன? 'மர்டர் அட் த காலப்' படத்தில் மார்ப்பிள் குதிரையேறுகிறார், ட்விஸ்ட் நடனம் ஆடுகிறார். 'மர்டர் அஹாய்' படத்தில் வாள் பிடித்துச் சண்டை போடுகிறார். பருத்த, சுருக்கம் விழுந்த, எழுபது வயதுப் பெண்ணுடல் ஒன்று திரையின் நடுவில் நின்று, யாருக்கும் அம்மாவாகவோ பாட்டியாகவோ இல்லாமல், தன் விருப்பத்துக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது உண்மை. அந்தச் சிரிப்பில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள், அவளோடு சேர்ந்து சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

மறுத்தவர்களின் நியாயம் என்ன? மார்ப்பிள் குண்டாக இருக்கிறார் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. முதல் படத்துக்கு மூலமான '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவல் 1957இல் வந்தது. அதில் ரயிலில் போகும் மிஸஸ் மெக்கில்லிகடி என்ற மூதாட்டி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் இன்னொரு ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதைப் பார்க்கிறார். யாரும் நம்புவதில்லை. தோழியான மார்ப்பிள் மட்டும் நம்புகிறார். பிணத்தைத் தேடி அலைய மார்ப்பிளுக்கு உடலில் தெம்பில்லை. அதனால் லூசி ஐல்ஸ்பரோ என்ற இளம்பெண்ணை அமர்த்துகிறார். லூசி ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்துத் தேறியவள். வீட்டு வேலையைத் தொழிலாக எடுத்துக்கொண்டு, தன் உழைப்புக்குத் தானே நல்ல விலை வைத்தவள். பார்த்தவள் ஒருத்தி, நம்பியவள் ஒருத்தி, தேடியவள் ஒருத்தி. ஒரு கொலையை மூன்று பெண்கள் சேர்ந்து வெளியே கொண்டுவருகிறார்கள்.

படத்தில் மெக்கில்லிகடி இல்லை. லூசியும் இல்லை. மார்ப்பிளே கொலையைப் பார்க்கிறார், அவரே வேலைக்காரியாகப் போகிறார், அவரே தேடுகிறார். மூன்று பெண்களை ஒருத்தியாகச் சுருக்கியபின் துணைக்கு ஓர் ஆணை வைத்தார்கள். மிஸ்டர் ஸ்ட்ரிங்கர் என்ற அந்தப் பாத்திரம் நாவலில் கிடையாது. அதில் நடித்தவர் ரதர்ஃபோர்டின் கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ். இது போதாதென்று, படத்தின் முடிவில் வீட்டுக்காரக் கிழவர் மார்ப்பிளிடம் தன்னை மணந்துகொள்ளும்படி கேட்கிறார். மார்ப்பிள் மறுத்துவிடுகிறார். மறுத்தது சரி. ஆனால் கேட்க வைக்காமல் படத்தை முடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அவள் மணமாகாமல் இருப்பது வாய்ப்பில்லாததால் இல்லை, வாய்ப்பு வந்தும் வேண்டாம் என்றதால் என்று ரசிகர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

ரதர்ஃபோர்டின் சொந்த வாழ்க்கையில் நம் ஊர் வருகிறது என்பதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவரது தந்தை வில்லியம் பென் 1883இல் தன் தந்தையைக் கொன்று, மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். விடுதலைக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டார். 1892இல் மார்கரெட் பிறந்தபின் குடும்பம் மதராசுக்குக் குடிபெயர்ந்தது. இந்தியாவில் இருந்தபோது, கர்ப்பிணியாக இருந்த தாய் தற்கொலை செய்துகொண்டார். மூன்று வயதுக் குழந்தையை லண்டனுக்கு அழைத்துப்போய் வளர்த்தவர் தாயின் சகோதரி பெஸ்ஸி. பின்னாளில் உலகத்தையே சிரிக்கவைத்த அந்த நடிகையைக் கரைசேர்த்தது ஒரு பெரியம்மா வீடு. குடும்ப வரலாறுகளில் இந்த மாதிரிப் பெண்களுக்கு ஒரு வரிக்குமேல் கிடைப்பதில்லை.

'மர்டர், ஷி செட்' படத்தைக் கவனித்துப் பார்த்தால் வீட்டு வேலைக்கு வரும் மிஸஸ் கிடர் என்ற சின்னப் பாத்திரத்தில் ஒரு நடிகை தெரிவார். ஜோன் ஹிக்சன். 1940களில் கிறிஸ்டியின் நாடகம் ஒன்றில் ஹிக்சன் நடித்ததைப் பார்த்த கிறிஸ்டி, என்றாவது ஒருநாள் நீங்கள் என் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். ஹிக்சனுக்கு அப்போது நாற்பது வயதுதான். கிறிஸ்டி அவருக்குள் ஒரு கிழவியைக் கண்டுபிடித்து, அந்தக் கிழவிக்காகக் காத்திருக்கத் தயாராக இருந்தார். திரையுலகம் அதன்பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் ஹிக்சனுக்கு வேலைக்காரி, வீட்டுச் சொந்தக்காரி என்று துண்டு வேடங்களையே கொடுத்துவந்தது. 1976இல் கிறிஸ்டி இறந்தார். 1984இல் பிபிசி மார்ப்பிள் தொடரைத் தொடங்கியபோது ஹிக்சனுக்கு வயது 78. 1992வரை பன்னிரண்டு நாவல்களிலும் அவரே நடித்தார்.

ஹிக்சனைப் பற்றி ரசிகர்களிடம் பெரிய சண்டை இல்லை. புத்தகத்தின் மார்ப்பிள் இவர்தான் என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். ஏன் என்று யோசிக்கிறேன். ஹிக்சன் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார். பேசுவதைவிடக் கேட்கிறார். அவர் கண்கள் நீலமாக, குளிர்ந்து, எதிரில் இருப்பவரின் முகத்தில் நிலைத்திருக்கும். அவரைச் சிரிப்புக்குரியவராக ஆக்க யாரும் முயலவில்லை, இளமையாகக் காட்டவும் முயலவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாணவிகளுக்கு ரதர்ஃபோர்டின் படத்தையும் ஹிக்சனின் ஒரு கதையையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். முதல் படத்துக்கு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாவதற்கு அமைதி. முடிந்ததும் ஒரு பெண் சொன்னாள்: "இவங்க எங்க அப்பாயி மாதிரி மேடம். சும்மா திண்ணையில உக்காந்திருக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனா தெருவுல யார் வீட்டுல அடுப்பு எரியலன்னுகூடத் தெரியும்." இன்னொருத்தி கேட்டாள்: "இவங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கல? கதையில காரணம் சொல்லியிருக்காங்களா மேடம்?" கேட்டு முடிக்கும் முன்பே அவள் தோழி முழங்கையால் இடித்தாள். வகுப்பு சங்கடத்தில் நெளிந்தது. எனக்கு 57 வயது. நான் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அந்தக் கேள்வி என்னைப் புண்படுத்தவில்லை. அது எனக்குப் பழகிய கேள்வி. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். "ஏம்மா, ஒண்ணும் அமையலையா?" அமையவில்லை என்றால் பரிதாபம். வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்றால், அதற்குப் பின்னால் ஒரு தோற்ற காதல் இருக்க வேண்டும் என்று தேடல் தொடங்கும். காரணமே இல்லாமல், அதாவது காயமே இல்லாமல், ஒரு பெண் தனியாக வாழ்ந்திருக்க முடியும் என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்த மார்ப்பிளின் கதை இதுதான். 2004இல் ஐடிவி புதிய தொடரைத் தொடங்கியது. ஜெரால்டின் மெக்கீவன் மார்ப்பிள். கண்ணில் குறும்பு மின்னும், துடுக்கான மார்ப்பிள் அவர். 'தி மர்டர் அட் த விகாரேஜ்' கதையில் இடையிடையே பின்கதை ஒன்று வருகிறது. இளம் ஜேன் மார்ப்பிள், மணமான ஒரு ராணுவ அதிகாரியைக் காதலிக்கிறாள். அவர் முதல் உலகப் போரில் இறந்துபோகிறார். அவர் படத்தை மார்ப்பிள் இன்னும் வைத்திருக்கிறார். நாவலில் இதெல்லாம் இல்லை. கிறிஸ்டி ஓர் இடத்தில் மார்ப்பிளின் இளமைக் காதலைத் தொட்டிருக்கிறார். 'அட் பெர்ட்ரம்ஸ் ஹோட்டல்' நாவலில், தன் அம்மா தடுத்துவிட்ட ஓர் இளைஞனை மார்ப்பிள் நினைத்துப் பார்க்கிறார். ஒரு வாரம் அழுததும் நினைவிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அந்த ஆளைச் சந்தித்தபோது, தப்பித்தோம் என்று தோன்றியதும் நினைவிருக்கிறது. அவ்வளவுதான். கிறிஸ்டி அரைப் பக்கத்தில் சிரித்துக் கடந்துபோனதை, 2004இன் திரைக்கதை வாழ்நாள் துக்கமாக நீட்டியது.

இந்தத் தொடருக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. முதல் கதையான 'தி பாடி இன் த லைப்ரரி'யில் கொலையாளிகளில் ஒருவரையே மாற்றி, இரு பெண்களுக்கு இடையிலான காதலைக் கொலைக்குக் காரணமாக்கினார்கள். இதை எதிர்த்தவர்களில் சிலர் நாவலை மாற்றியதற்காக எதிர்த்தார்கள். வேறு சிலருக்கு இரு பெண்கள் காதலிப்பதே பொறுக்கவில்லை. பெண்ணியவாதியாக எனக்கு இருந்த சங்கடம் இந்த இரண்டிலும் சேராது. தன்பால் காதலைக் கதைக்குள் கொண்டுவந்ததை வரவேற்கலாம். ஆனால் அதைக் கொண்டுவந்த கையோடு தூக்குமேடைக்கும் அனுப்பிவிட்டார்கள். மார்ப்பிளுக்குக் கொடுத்த புதிய வாழ்க்கையும் ஓர் ஆணுக்காகக் காத்திருந்த வாழ்க்கையாகவே இருந்தது. புதுமை என்ற பெயரில் வந்தவை பழைய சரக்குகள்.

ஆண் துப்பறிவாளருக்கு இந்தக் கேள்விகள் வருவதில்லையா? 2017இல் கென்னத் பிரானா பாய்ரோவாக வந்தபோது ரசிகர்களின் பேச்சில் பெரும்பகுதி அவருடைய பிரம்மாண்டமான மீசையைப் பற்றியது. 1974இல் ஆல்பர்ட் ஃபின்னி நடித்தபோதும் கிறிஸ்டிக்கு மீசைதான் குறையாகப்பட்டது. நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரானாவின் பாய்ரோவுக்கும் ஒரு தொலைந்த காதலியைக் கொடுத்திருக்கிறார்கள். 2022இல் வந்த 'டெத் ஆன் த நைல்' அந்த மீசைக்கே ஒரு போர்க்காயக் கதையைச் சொன்னது. தனியாக வாழும் யாரையும் விளக்கம் இல்லாமல் விட்டுவைக்க இன்றைய திரைக்கு முடிவதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பாய்ரோவை ஓர் இருபத்தைந்து வயது இளைஞராக மாற்றினால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று யாரும் முதலீட்டாளரிடம் போய் நிற்கவில்லை. 1928இல் அப்படி ஒரு யோசனை வந்தபோதும் அது தடுக்கப்பட்டது. தடுக்கக் கொடுத்த விலை கரோலின்.

வயதான பெண்ணைத் திரையில் பார்க்க ஆட்கள் இல்லை என்ற வாதமும் பொய். 1980இல் 'தி மிரர் கிராக்ட்' படத்தில் மார்ப்பிளாக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரி, 1984இல் அமெரிக்காவில் 'மர்டர், ஷி ரோட்' தொடரைத் தொடங்கினார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, கைம்பெண், எழுத்தாளர், கொலைகளைத் துப்பறிபவர். மார்ப்பிளின் ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். ஞாயிறு இரவுகளில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 1995இல் அந்தத் தொடரை வியாழக்கிழமைக்கு, இளைஞர்களிடையே மிகவும் பிரபலமாக இருந்த 'ஃப்ரெண்ட்ஸ்' தொடருக்கு எதிரே தள்ளினார்கள். பார்ப்பவர்கள் வயதானவர்கள், விளம்பரதாரர்களுக்கு இளையவர்கள் வேண்டும் என்ற கணக்கு அப்போது தொலைக்காட்சியை ஆண்டது. 1996இல் தொடர் முடிந்தது. திரையில் இருந்த கிழவி மட்டும் உபரியாகவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவிகளும் உபரியானார்கள்.

எனக்குப் பிடித்த மார்ப்பிள் ஆங்கிலம் பேசுவதில்லை. 2003இல் வெளியான வங்காளப் படம் 'சுபோ மொஹரத்'. ரிதுபர்ணோ கோஷ் இயக்கியது; 'தி மிரர் கிராக்ட்' நாவலைத் தழுவியது. மார்ப்பிள் இங்கே ராங்கா பிஷிமா. பிஷி என்றால் அத்தை. நடித்தவர் ராக்கி. பத்திரிகையாளரான மருமகளாக நந்திதா தாஸ். பழைய நட்சத்திரமாக ஷர்மிளா தாகூர். 1973இல் 'தாக்' படத்தில் ராக்கியும் ஷர்மிளாவும் கதாநாயகிகள். முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைச் சுருக்கம் விழுந்த முகங்களோடு, யாருடைய காதலியாகவும் இல்லாமல் ஒரே படத்தில் பார்க்க முடிந்தது. ராக்கிக்குத் தேசிய விருது கிடைத்தது. கோஷ் கிராமத்தை எடுத்துவிட்டார், இங்கிலாந்தை எடுத்துவிட்டார், பெயரை மாற்றினார். ஆனால் அத்தையின் வயதைத் தொடவில்லை, வீட்டிலிருந்தபடியே உலகத்தைப் படிக்கும் அவள் அறிவைத் தொடவில்லை, அத்தையும் மருமகளும் சேர்ந்து யோசிப்பதைத் தொடவில்லை. அறுபதுகளின் ஆங்கிலப் படம் தொலைத்த பெண்களின் கூட்டு இங்கே திரும்ப வந்தது. மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது என்றால் எதற்கு விசுவாசம் என்பதை இந்தப் படத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இதற்காக மார்ப்பிளைப் பெண் விடுதலையின் தெய்வமாக்க நான் தயாராக இல்லை. அவர் நடுத்தர வர்க்க ஆங்கிலச் சீமாட்டி. அனாதை இல்லத்துப் பெண்களை வேலைக்காரிகளாகப் பழக்குபவர். மரண தண்டனையில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் உட்கார்ந்து யோசிப்பதற்கு, யாரோ ஒருத்தி பாத்திரம் கழுவ வேண்டியிருக்கிறது. ஆனால் 1953இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலைப் படியுங்கள். மார்ப்பிள் பழக்கி அனுப்பிய கிளாடிஸ் என்ற பணிப்பெண் கொல்லப்படுகிறாள். அவள் மூக்கில் துணிக்கொடிக் கவ்வியை மாட்டிவைத்திருக்கிறான் கொலையாளி. பணக்காரர்களின் சாவைத்தான் போலீஸ் பெரிதாக விசாரிக்கிறது. மார்ப்பிள் ரயிலேறி வருவது கிளாடிஸுக்காக. கொன்றதோடு நிற்காமல் அவமானப்படுத்தியும் இருக்கிறான் என்பதே அவரது கோபம். முதலாளியம்மாவுக்கும் வேலைக்காரிக்கும் இடையிலுள்ள தூரம் அந்தக் கோபத்தால் மறைந்துவிடவில்லை. இருந்தாலும், உலகத்தில் யாருமே தேடாத ஒருத்தியைத் தேடிக்கொண்டு இன்னொருத்தி வருகிறாள்.

2022இல் பன்னிரண்டு பெண் எழுத்தாளர்கள் ஆளுக்கொரு மார்ப்பிள் கதை எழுதி ஒரு தொகுப்பாக வெளியானது. அவரைப் புதிதாக எழுதலாம், வேறு ஊருக்கு அனுப்பலாம், வேறு மொழியில் பேசவைக்கலாம். திரையிலும் அவர் நிச்சயம் மறுபடி வருவார். அப்போது நம் மாணவிகள் படம் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருப்பது போல இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் வயது எங்கே போனது என்று கேளுங்கள். அவளோடு யோசித்த மற்ற பெண்கள் எங்கே என்று கேளுங்கள். அவள் தனியாக வாழ்வதற்குக் காரணம் ஒன்று கட்டாயமாகச் சொல்லப்படுகிறதா, சொல்லப்பட்டால் யாருடைய நிம்மதிக்காகச் சொல்லப்படுகிறது என்று கேளுங்கள்.

அன்றைக்கு அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. கதையில் காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியம் எழுதியவருக்கு இருக்கவில்லை என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப அது நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.